கோணமலைத் துறையில் ஒரு கடைசற் பட்டறை

திருகோணமலைக்கு வரும் விருந்தினரை நாம் அழைத்துச் செல்லும் இடங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைந்தவை. சுவாமிமலை உச்சியிலே கோணேசப் பெருமானைத் தரிசித்து, கோட்டையினுள்ளே புள்ளிமான்கள் மேய்வதைக் கண்டு, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலே நீராடி, மாலையில் உட்டுறைமுக வீதியில் நின்று கப்பல்களைப் பார்த்து மீள்வதோடு அவர்தம் பயணம் நிறைவெய்திவிடும். இவை யாவும் காணத்தக்கனவே. ஆயினும் இத்துறைமுக மாவட்டத்துக்கு மரத்தால் வந்த பெருமை ஒன்றும் உண்டு. அதைப்பற்றி எடுத்துச் சொல்வார் சிலரே.

அம்மரத்தின் கதையை அறியப் புகுந்த நாம், நாளடைவில் மரத்தைக் கடைந்து பார்க்கவும் ஆசைப்பட்டோம். ஆசை முற்றி, வீட்டின் பின்புறத்தே சிறியதொரு பட்டறையாகவே உருவெடுத்துவிட்டது. ஓய்வுக் காலத்துக்கு உகந்த பொழுதுபோக்கு ஒன்றைத் தேடும் அன்பர்களுக்கும், கிணற்றடியில் வெட்டிப் போட்ட கிளைகளை அடுப்புக்கே கொடுத்துப் பழகிய இல்லத்தரசிகளுக்கும் இவ்வரலாறு பயன்படக் கூடுமென்ற எண்ணத்தால் இதனை எழுதலானோம்.

பாய்மரம் தேடி வந்த கப்பல்

1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மசூலிப்பட்டினக் கரையிலே வீசிய புயலில் 'ஆன்' என்னும் ஆங்கில வணிகக் கப்பல் தன் பெரும் பாய்மரத்தை இழந்தது. புதிய பாய்மரம் நாட்டவும், அவ்வேளையிற் சிறிது வணிகம் செய்யவும் அக்கப்பல் கொட்டியாரக் குடாவுக்கு அனுப்பப்பட்டது. கப்பலின் தலைவரும், அவர் மகனாகிய றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞரும், மாலுமிகள் சிலரும் 1660ஆம் ஆண்டிலே கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு மலைநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தந்தை அங்கேயே மாண்டார். மகன் 1679இல் தப்பி ஓடி, 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூல் இலங்கையைப்பற்றி ஐரோப்பியர் அறிந்துகொள்ளப் பெரிதும் உதவியது.

இக்கதையைப் படிப்போர் அந்த நீண்ட சிறைவாசத்தையே நினைவிற் கொள்வர். நாமோ அதன் தொடக்கத்தை நினைக்கின்றோம். பாய்மரம் ஒடிந்த கப்பலை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு அன்றைய கடலோடிகள் கண்ட விடை, நமது கொட்டியாரம்!

இம்மாவட்டத்துக் காடுகளில் வளரும் மரங்களுட் சாவண்டலை என்பது தனிச் சிறப்புடையது. ஊருக்கு ஊர் இப்பெயர் சவண்டலை என்றும் சமண்டலை என்றும் சிறிது மாறி ஒலிக்கும். சிங்கள மக்கள் இதனை ஹல்மில்ல என்பர். நேரிய நார்களும், வளைந்தாலும் முறியாத உறுதியும் உடையது. வண்டியின் உறுப்புக்களுக்கும், பீப்பாய்ப் பலகைகளுக்கும், துடுப்புக்களுக்கும், படகுகளுக்கும் இது பெயர்பெற்றது. மரம் விற்கும் உலகில் இதற்கு வழங்கிய ஆங்கிலப் பெயரே 'திருகோணமலை மரம்' என்பதாகும். சென்னைக் கரையில் அலைகளை ஊடறுத்துச் சென்று கப்பல்களிலிருந்து ஆட்களையும் பொருள்களையும் இறக்கிவந்த மசூலாப் படகுகளை நேயர்கள் பழைய படங்களிற் பார்த்திருக்கலாம். ஆணி அறையாது கயிற்றினால் தைக்கப்பட்ட அப்படகுகளுக்கு இத்துறையிலிருந்து சென்ற சாவண்டலை மரமே விரும்பப்பட்டது. 1859ஆம் ஆண்டில் வெளிவந்த எமர்சன் தெனன்ற் என்பாரின் இலங்கை பற்றிய நூலிலும் இச்செய்தி காணப்படுகின்றது.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரிலே 'திருகோணமலை' என்னும் பெயர் பூண்ட பழைய போர்க்கப்பல் ஒன்று பழுது தீர்க்கப்பட்டு இன்றும் நீரில் மிதக்கின்றது. பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் இன்றும் மிதப்பனவற்றில் மிகப் பழையது அதுவேயாம். 1817ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பம்பாயில் அது நீரில் இறக்கப்பட்டது. கட்டியவர் வாடியா குடும்பத்து ஜம்ஷெட்ஜி பொமன்ஜி என்னும் பார்சித் தச்சர். மரமோ மலையாளக் கரைத் தேக்கு. ஆகவே, நம் ஊரின் பெயர் தேக்கின்மீது ஏறி இங்கிலாந்துக்குப் போயிற்று. நம் ஊரின் மரம் அலைப்படகாகிச் சென்னைக்குப் போயிற்று.

அத்தகைய பாய்க்கப்பல் ஒன்றில் எத்தனை கடைசற் பொருள்கள் இருந்தன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கயிறுகளைச் சுற்றிக் கட்டும் முளைகள், சுக்கான் சக்கரத்தின் கைப்பிடிகள், ஏணிப் படிகளின் தூண்கள் ஆகிய யாவும் கடைந்தெடுக்கப்பட்டவை. கப்பிகளோ பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் வேண்டும். அக்கப்பிகளை விரைந்து செய்யும் பொருட்டு 1802 முதல் 1808 வரையான ஆண்டுகளில் போட்ஸ்மத் துறைமுகத்திலே மார்க் புருணல் வகுத்து, ஹென்றி மோட்ஸ்லி இயற்றிய 45 பொறிகள் நிறுவப்பட்டன. 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்யலாயினர் என்பர். ஒரு கைத்தொழில் முழுவதும் பொறிகளின் கைக்கு மாறிய முதற் சம்பவங்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் தனியொரு கட்டிலுக்குக் கால் வேண்டுமெனின், இன்றும் ஒருவர் உளி பிடித்தே ஆகவேண்டும்.

மத்தும் கடைசலும்

தமிழில் 'கடைதல்' என்னும் வினை மூன்று தொழில்களுக்கு வழங்குகின்றது. தயிரைக் கடைகின்றோம், கீரையைக் கடைகின்றோம், மரத்தையும் கடைகின்றோம். அடுக்களையிலும் பட்டறையிலும் ஒரே சொல் நடமாடுவதற்குத் தக்க காரணம் உண்டு. மத்தின் தண்டிலே கயிற்றைச் சுற்றி, இரு முனைகளையும் மாறி மாறி இழுக்குங்கால் மத்து முன்னும் பின்னுமாகச் சுழல்கின்றது. அதே தண்டை இரு முனைகளுக்கிடையே கிடையாக நிறுத்தி, சுழலும்போது உளியை வைப்பின், அதுவே கடைசற் பொறியாகும். எகிப்து நாட்டிலே ஏறத்தாழ கி.மு. 300ஆம் ஆண்டைச் சேர்ந்த பெற்றோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில், ஒருவர் கயிற்றை இழுக்க மற்றொருவர் உளி பிடிக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. மந்தர மலையை மத்தாகவும் வாசுகியைக் கயிறாகவும் கொண்ட கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அக்காட்சியை விளங்கிக்கொள்ள உரையாசிரியர் வேண்டுவதில்லை.

இத்தொழில் கரையோரத்துக்கு மட்டும் உரியதன்று. மாத்தளைப் பகுதியிலே அரக்குப் பூசிய கடைசற் பொருள்கள் செய்யும் குடிகள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். அவர்தம் வேலையை நம் ஆனந்தக் குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய பெருநூலிலே பதிவு செய்தார். தமிழகத்தின் அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களும், கன்னட நாட்டுச் சென்னபட்டணத்துப் பொம்மைகளும் இக்குலத்தைச் சேர்ந்தவையே. அங்கெல்லாம் வண்ணம் தூரிகையாற் பூசப்படுவதில்லை. சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு உருகித் தானே படிகின்றது. சென்னபட்டணத்தார் அதன்மேல் தாழை ஓலையை அழுத்தி மெருகேற்றுவர்.

கிண்ணியா ஓடாவியார்

நூல்களில் இவற்றைப் படித்துக்கொண்டிருந்த நாம், உளி பிடித்துக் காட்டக்கூடிய ஒருவரைத் தேடிக் கிண்ணியாவுக்குப் புறப்பட்டோம். நகரிலிருந்து சீனன்குடா வழியாகச் செல்லும் பாதை அது. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் அங்கே காட்டு மரங்களிடையே யானைக் கூட்டம்போல் நிற்கின்றன. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்த நாளை அவை நினைவூட்டும். அப்பாற் சென்றால், தம்பலகாமக் குடாவும் கொட்டியாரக் குடாவும் கைகோக்கும் இடத்திலே கிண்ணியாப் பாலம். 2009ஆம் ஆண்டில் அது திறக்கப்படும் வரையில் மக்கள் மிதவையிற் காத்திருந்து கடந்தனர். இன்று சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்துவிடுகின்றோம். தயிர்ச் சட்டிகள் வரிசையாக அடுக்கப்பட்ட கடைகளே அவ்வூரின் முதல் வரவேற்பு.

கீழ்மாகாணத்து முஸ்லிம் மக்களிடையே தச்சரை 'ஓடாவி' என்பர். நாம் கண்டவர் எண்பதை நெருங்கும் முதியவர். அவர் தந்தையார் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் தச்சுக்கூடத்திலே கடைசற்காரராக இருந்தவராம். 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி பிரித்தானியர் அத்தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தபோது ஓடாவியார் பன்னிரண்டு வயதுச் சிறுவர். தந்தை வீடு திரும்பி முற்றத்திலே பட்டறை போட்டார். மகனுக்குக் கயிறு இழுக்கும் பணி கிடைத்தது. "இரண்டு வருசம் கயிறுதான் இழுத்தன், தம்பி. உளியைத் தொட விடேல்ல. காது பழக வேணும் எண்டு வாப்பா சொல்லுவார்," என்று அவர் சொன்னபோது, அது வேடிக்கைப் பேச்சென்றே நினைத்தோம். பின்னர் உளி பிடித்தபோதுதான் அதன் உண்மை விளங்கிற்று. கூரிய உளி நல்ல கோணத்தில் மரத்தைத் தொட்டால், பட்டுத் துணியைக் கிழித்தாற் போன்ற ஓசை எழும். நீண்ட சுருள்கள் தோளின்மேல் வந்து விழும். மழுங்கிய உளி தட்டித் தட்டி ஒலிக்கும், தூளையே உதிர்க்கும். கண் காணுமுன் காது அறிந்துவிடுகின்றது.

கண்ணிற் புரை படர்ந்தமையால் ஓடாவியார் இப்போது தொழில் செய்வதில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கின்றனர். பேரனுக்குக் கைப்பேசியில் உள்ள ஆர்வம் உளியில் இல்லை. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகவே சொன்னார். கிழமையில் ஒருநாள் வந்து கற்றுக்கொள்ள இசைவு கேட்டோம். "வாங்க, ஆனால் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாங்க" என்றார். தொங்கும் துணியும், நீண்ட சட்டைக் கையும், கழுத்துச் சங்கிலியும் சுழலும் மரத்துக்கு முன்னால் ஆகாதவை என்னும் முதற் பாடம் அவ்வாறு கிடைத்தது.

பட்டறை அமைக்கும் வகை

ஆறு மாதம் கழித்து வீட்டிலேயே பட்டறை அமைத்தோம். பெரிய இடம் வேண்டுமென்பதில்லை. பத்தடிக்கு எட்டடி போதும். பின்புறத் தாழ்வாரத்தைப் பலகையால் அடைத்து, வெளிச்சம் இடப்பக்கமாக விழும்படி யன்னல் விட்டோம். கடைசற் பொறியைச் சிறு மேசையில் வைத்தாற் போதாது. மேசை கனமாக இருத்தல் வேண்டும். கீழ்த்தட்டிலே இரண்டு மூடை மணலை ஏற்றி வைத்தோம்; நடுக்கம் நின்றது. நாம் வாங்கியது அரைக் குதிரைவலுவுள்ள சிறு பொறி. ஏறக்குறைய 370 வாற்று மின்சாரம் எடுக்கும். உடுப்பு அழுத்தும் மின்னழுத்தி சூடேறும்போது எடுப்பதன் பாதிகூட இல்லை. இதற்கும் வசதியில்லாதோர், பழைய தையல் இயந்திரத்தின் மிதியையும் சில்லையும் கொண்டு பம்பரமும் செப்பும் கடையக்கூடிய மிதிப்பொறி ஒன்றைத் தாமே அமைத்துக்கொள்ளலாம்.

உளிகள் நான்கு போதும். பருமட்டாக உருட்டுவதற்கு அகன்ற குழிவுளி ஒன்று. கிண்ணம் குடைவதற்குத் தடித்த குழிவுளி ஒன்று. வழுவழுப்பாகச் சீவுவதற்குச் சாய்வாய் உளி ஒன்று. துண்டாக்குவதற்கு மெல்லிய உளி ஒன்று. உளி வாங்கும் பணத்தில் ஒரு பங்கைச் சாணைக்கல்லுக்கு ஒதுக்குக என்பதே ஓடாவியாரின் அறிவுரை. தீட்டுதல் பிந்தியவர் தொழிலில் முந்துவதில்லை.

உளி பிடிக்கும் முறையை மூன்று சொற்களில் அடக்கலாம்: ஊன்றுக, உராய்க, உயர்த்துக. முதலில் உளியைத் தாங்கியின்மேல் ஊன்றல் வேண்டும். அடுத்து, அதன் சாய்ந்த முதுகை மரத்தின்மேல் உராயவிடல் வேண்டும். அதன் பின்னரே பிடியை மெல்ல உயர்த்தி வாயை மரத்திற் பதித்தல் வேண்டும். இவ்வரிசை தவறினால் உளி கௌவிக்கொள்ளும். வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதாற் பெருக்கினால், விடை 6,000க்கும் 9,000க்கும் இடையில் நிற்றல் நன்று. பத்து அங்குலக் கிண்ணமெனின் 600 முதல் 900 சுற்று. இரண்டு அங்குலத் தண்டெனின் 3,000க்கு மேலும் போகலாம். புதிதாகப் பழகுவோர் கீழெல்லைக்கும் குறைவாகவே தொடங்குக. கண்ணுக்குக் காப்பும், மூக்குக்கு மறைப்பும் இன்றிப் பொறியை இயக்கலாகாது.

துறைமுக ஊருக்கென்றே உரிய இடையூறுகள் இரண்டு. ஒன்று உப்புக்காற்று. மாலையில் துடையாது விட்ட உளி காலையிற் செம்பட்டை பூத்து நிற்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் உளிகளைத் துடைத்து, துணியிற் சுற்றிப் பெட்டியில் வைப்பது நம் வழக்கம். மற்றையது பருவக்காற்று. ஐப்பசியிலிருந்து தை வரையில் வாடைக்காற்றோடு மழை பெய்யும்; மரம் ஈரத்தை உறிஞ்சி வீங்கும். வைகாசிக்குப் பின் கச்சான் காற்று வீசத் தொடங்கினால், அதே மரம் வறண்டு வெடிக்கும். ஆகையால் பச்சை மரத்தைக் கிண்ணமாக்க விரும்புவோர் முதலில் தடிப்பாகவே கடைதல் வேண்டும். பத்து அங்குல விட்டத்துக்கு ஓர் அங்குலத் தடிப்பு என்பது அளவு. அதனை நிழலில் மாதக்கணக்கில் உலரவிட்டு, கோணிய கோணலெல்லாம் கோணி முடிந்த பிறகு இரண்டாம் முறை கடைந்து முடிக்கலாம். மரத்துண்டின் வெட்டுமுகங்களில் மெழுகையோ, மிஞ்சிய வர்ணத்தையோ பூசி வைப்பின் வெடிப்புக் குறையும்.

எந்த மரம் கொள்வது?

காட்டு மரத்தைக் கண்டு ஆசைப்படுவோருக்கு ஒரு வார்த்தை. கருங்காலியை வெட்டுதல் இந்நாட்டிலே தடை செய்யப்பட்டுள்ளது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி பெறல் வேண்டும். காட்டு மரங்களைக் கொண்டு செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் தேவை. சாவண்டலையும் முதிரையும் கப்பல் கப்பலாகப் போய்விட்ட நாட்டிலே இக்கட்டுப்பாடு நியாயமானதே. பொழுதுபோக்குக்காக ஒரு மரத்தையும் வீழ்த்தத் தேவையில்லை என்பதே நம் அனுபவம்.

வேலியோரத்துப் பூவரசை எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் கிளை தறிக்கின்றோம், அடுப்பில் வைக்கின்றோம். அதன் வயிரத்திலே சாக்கொலேற் நிறமும் ஊதா நிறமும் கலந்தோடும். பசிபிக் தீவுகளில் வாழும் ஹவாய் மக்கள் உணவுக் கிண்ணங்களுக்கு இதே மரத்தைப் போற்றுகின்றனர். புளி கடினமானது, கொட்டாப்புளியும் உலக்கையும் அதனால் நிலைக்கும். மாமரம் இளகியது, புதியவருக்கு உகந்தது. தென்னை, வெளிப்புறம் இரும்பு, உட்புறம் சோறு. உளியை விரைவில் மழுங்கச் செய்யும். ஆயினும் அதன் கரும்புள்ளி அழகுக்கு நிகரில்லை. வேம்பின் தூள் தும்மலை வருவிக்கும். முதிரை பொன்னிறமானது, பட்டுப்போல் ஒளிர்வது. ஆனால் அதன் தூள் சிலரின் தோலிலே கடியை உண்டாக்குமாதலால், கைகளை நன்றாகக் கழுவுதல் வேண்டும். பழைய வீடுகள் இடிக்கப்படும்போது கழிக்கப்படும் கதவுநிலைகளும், உடைந்த கட்டிற் சட்டங்களும் முதிரைக்கு நல்ல சுரங்கங்கள்.

முதலில் நாம் கடைந்தது மத்து. சொல்லின் தொடர்பு கருதியே அதைத் தேர்ந்தோம். பின்னர்ப் பம்பரம், பூரிக்கட்டை, அகப்பைப் பிடி, இடியப்ப உரல் என ஒவ்வொன்றாய் வந்தன. மெருகுக்குத் தேன்மெழுகைத் தேங்காயெண்ணெயிலிட்டு இளஞ்சூட்டில் உருக்கிப் பூசுகின்றோம். அது உண்கலங்களுக்குத் தீங்கற்றது. மங்கினால் மறுபடியும் பூசலாம். நெடுநாள் நிற்க வேண்டிய பொருளுக்கு அரக்கு மெருகே ஏற்றது. அயல்வீட்டாரின் பகலுறக்கத்தைக் கருதி, நண்பகலிலிருந்து மூன்று மணி வரையில் பொறியை நிறுத்திவிடுவது நல்லுறவுக்கு நலம்.

நான்காவது தூண்

இங்ஙனம் விளையாட்டாக நடந்துவந்த பட்டறைக்குச் சென்ற ஆண்டு ஒரு நாள் கடலோரத்துப் பாட்டியார் ஒருவர் வந்தார். பழைய சேலைத் துணியில் எதையோ சுற்றி எடுத்து வந்திருந்தார். விரித்தபோது, முப்பத்துநான்கு அங்குல நீளத்தில் முதிரையிற் கடைந்த தொட்டிற் தூண் ஒன்று இருந்தது. அடியில் குடம், நடுவே மணிகளும் குழிகளும், முடியிலே தாமரை மொட்டு.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அவர்கள் வீட்டுக்குள் புகுந்தபோது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், தொட்டில் போயிற்று. நாலாம் நாள் வேலியோரத்து மணலிலே அது கிடைத்தது, சட்டமும் மூன்று தூண்களும் இருந்தன, ஒன்றைக் காணவில்லை. இருபது ஆண்டுகளாகப் பரணிலே வைத்திருந்தனர். அன்று தூக்கிச் சென்ற குழந்தை இன்று தலைப்பிள்ளைப் பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். "கடையில புதுசு வாங்கலாம் எண்டு பிள்ளையள் சொல்லுதுகள். எனக்கு மனம் கேக்கேல்ல, ஐயா. இதில மூண்டு தலைமுறை கிடந்தது," என்றார் பாட்டியார்.

இத்தகைய வேலையைப் பொறி செய்யாது. பொறிக்கு ஒரேமாதிரியான ஆயிரம் வேண்டும். இங்கே வேண்டியதோ ஒன்று. அதனைச் செய்யும் ஆள் இல்லையெனின் மற்றை மூன்றும் விறகாகும். நாம் மூன்று தூண்களையும் எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தோம்.

ஓடாவியார் கண்ணால் அன்றி விரலால் அவற்றைப் படித்தார். மடியிற் கிடத்தி, குடத்திலிருந்து மொட்டுவரை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். "இந்தக் குடம் டொக்யாட்டில பழகின கை," என்றார். பிறகு சிரித்தார். "மூண்டும் மூண்டு விதம், தம்பி. விரல் வைச்சுப் பாருங்க. நாலாவது நாலாம் விதமா இருக்கட்டும். எட்டி நிண்டு பார்க்கக் கண்ணுக்கு ஒத்து வந்தாச் சரி." இடுக்கிமானியால் அளந்து பார்த்தோம். அவர் சொன்னவாறே குடங்களின் விட்டம் ஒன்றுக்கொன்று மயிரிழையன்று, நெல்லின் பருமனுக்கே வேறுபட்டிருந்தது. எட்டி நின்று பார்க்கையிலோ அவை உடன்பிறந்தார்போல் ஒத்திருந்தன.

நம் பொறியிலே பதினெட்டு அங்குலத்துக்கு மேற்பட்ட நீளம் அடங்காது. ஆகவே தூணை இரு துண்டாகக் கடைந்து, ஒன்றின் முனையிற் கழுந்தும் மற்றதிற் துளையும் வைத்துப் பொருத்துவதென முடிவாயிற்று. இணையும் இடத்தை மணியொன்றின் அடிக்குழியில் அமைத்தால் கண்ணுக்குத் தெரியாது. இடித்த வீட்டின் கதவுநிலையிலிருந்து முதிரை கிடைத்தது. மெல்லிய பலகையொன்றிலே மணி, குழி, குடம், மொட்டு ஆகியவற்றின் இடங்களைக் கோடிட்டு அளவுகோலாக்கினோம். மூன்று கிழமை ஓடாவியாரின் பட்டறையிலேயே அருகிருந்து அவர் செவிகொடுக்க, நாம் உளி பிடித்தோம். "ஓசை மாறுது, தீட்டுங்க," என்பதற்கு மேல் அவர் அதிகம் பேசவில்லை. முடிந்த தூணை அவர் மடியிலே வைத்தபோது, விரல்கள் மேலும் கீழுமாக இருமுறை சென்றன. "இருக்கட்டும்," என்றார். ஓடாவிமார் வாயில் அச்சொல் பெரும் பாராட்டு.

புதிய தூண் நிறத்திலே சற்று வெளிறியிருக்கின்றது. முதிரை ஒளிபட்டு நாளடைவிற் கருகிப் பொன்னாகும் என்பதால் அதற்கு மருந்து காலமே. தொட்டிலிற் பேத்தியின் மகன் உறங்குகின்றான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இம்மாவட்டத்திலும் பிற இடங்களிலும் ஓடாவியார் போன்ற முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். மரத்தை நூலகத்திற் கற்கலாம்; பொறியைக் கடையில் வாங்கலாம்; உளி மரத்தைத் தொடும்போது எழவேண்டிய ஓசையை, கேட்டவர் ஒருவரின் பக்கத்தில் இருந்தே அறிதல் கூடும். ஓய்வு பெற்றோரும், பள்ளி விடுமுறையில் உள்ள பிள்ளைகளும் கிழமையில் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்குவாராயின், பெருஞ்செலவு ஒன்றும் வராது. பழகத் தொடங்குமுன் முதற் பணியாக, இவ்வாரம் தறிக்கும் பூவரசங் கிளைகளுள் கைப்பருமனான இரண்டை அடுப்புக்குக் கொடாது, வெட்டுமுகத்தில் மெழுகு பூசி, நிழலிலே எடுத்து வைப்பார்களாக. அவை உலர்வதற்குள் ஆசிரியர் ஒருவரைத் தேடிக்கொள்ளக் காலம் உண்டு.